என் வயிற்றில் சாளக்கிராமம் பிறக்கவில்லை

1

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேனையை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், பிறகு மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். இது சுவாமி காரியம். அதோடு கொஞ்சம் மூத்திரக் காரியமும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கேட்கவும் ஆளில்லை.

"எழுதினாச் சிரிப்பாங்க. எழுதாட்டிக் கதை கட்டுவாங்க. எது நல்லமெண்டு நீங்களே பாருங்க" என்று என் மனைவி தவமணி அப்போதே சொன்னாள். நான் எழுதாமல் இருந்தேன். அவர்கள் கதை கட்டினார்கள்.

போன கிழமை வேலையிடத்தில் பாணும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது இலங்கையிலிருந்து ஒரு கோல் வந்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ, சுவிஸ் ஐயாவா?"

"நான் ஐயா இல்ல. ஆர் கதைக்கிறது?"

"நான் செங்கலடி. சந்தைக்குள்ள கடை வச்சிரிக்கன். உங்களுக்கு என்னைத் தெரியா. ஐயா, அந்தக் கல்லைக் கழுவின தண்ணி ஒரு போத்தல் அனுப்ப ஏலுமா?"

"எந்தக் கல்லு?"

"உங்கட வயித்தில பிறந்த சாளக்கிராமம், ஐயா."

பாண் தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்து இறக்கிவிட்டு, "தம்பி, அது சாளக்கிராமம் இல்ல, கிட்னியில வந்த கல்லு" என்றேன்.

"பெரியாக்கள் இப்படித்தான் அடக்கமாச் சொல்லுவாங்க" என்றார் அவர்.

அன்றைக்கே வெல்லாவெளியில் இருக்கும் என் தங்கச்சிக்கு எடுத்துக் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "அண்ணே, செங்கலடியில கல்லு மட்டுந்தான். வாகரைக்குப் போகக்குள்ள அதில சங்கு அடையாளமும் வந்திற்று. ஒரு மனிசி கனவிலயும் கண்டிரிக்காவாம். நீல நிறமாம்!"

இனியும் பொறுத்தால் அடுத்ததாக எனக்கே கோயில் கட்டிவிடுவார்கள் என்று பயந்து எழுதுகிறேன். நடந்தது இதுதான்.

2

சாளக்கிராமம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நேபாளத்தில் கண்டகி என்று ஓர் ஆறு இருக்கிறது. அதில் கிடைக்கும் கறுப்புக் கல் அது. பெருமாள் அதில் தானாகவே இருக்கிறார் என்பதால் மந்திரம் சொல்லி இறக்கிவைக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டில் வைத்துவிட்டால் ஆளைப் போலப் பார்க்க வேண்டும். தினமும் குளிப்பாட்ட வேண்டும். துளசி வைக்க வேண்டும். சமைத்ததில் முதல் பங்கு அவருக்கு. குளிப்பாட்டிய தண்ணீரைத் தீர்த்தமாக ஒரு கரண்டி நாம் குடிக்க வேண்டும். விற்கவோ விலைக்கு வாங்கவோ கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், அவரை ஒருநாளும் பட்டினி போடக் கூடாது.

எங்கள் பக்கத்து வீடுகளில் பிள்ளையாருக்கும் வைரவருக்கும் கல் வைப்பது வழமை. சாளக்கிராமம் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. கதிர்காமத்துக்கு நடந்து போன ஒரு சாமியார் காய்ச்சலோடு எங்கள் வளவில் படுத்தார். அப்பா கஞ்சி கொடுத்துப் பார்த்தார். சுகமானதும் அவர் மடியிலிருந்து இந்தக் கல்லை எடுத்து அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தேசிக்காய் அளவு, ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். நல்ல கறுப்பு. அப்பாவுக்குப் பிறகு என்னிடம் வந்தது.

நான் நாட்டைவிட்டு வரும்போது அவரும் என் சேர்ட் பைக்குள் வந்தார். இந்த நாட்டு விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பையைத் தடவி, கல்லை வெளியே எடுத்து, "இது என்ன?" என்று கேட்டான். எனக்கு அப்போது டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், நாலைந்து சொற்கள்தான் தெரியும். நான் அவரைத் தொட்டுக் காட்டி, "ஃபமீலியே" என்றேன். குடும்பம். அதிகாரி கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகச்சாயல் இருந்ததோ என்னவோ, மரியாதையாகத் திருப்பித் தந்தான்.

அன்றிலிருந்து அவர் எங்களோடுதான். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சட்டி பானை கழுவுகிறேன். வேலை முடிந்து வந்து நான் குளிப்பேன், பிறகு அவரைக் குளிப்பாட்டுவேன். நாள் முழுக்கக் கழுவுகிற கைதான் என்றாலும் இந்தக் கழுவல் வேறு. மணி அடித்தால் கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பாள். அதனால் மணியின் நாக்குக்கு மகளின் குழந்தைக்காலச் சொக்ஸ் ஒன்றைக் கட்டியிருக்கிறோம். அடித்தால் 'புஸ், புஸ்' என்று கேட்கும். பெருமாளுக்கு விளங்கும்.

துளசி மட்டும் இந்தக் குளிருக்கு நிற்கவில்லை. மூன்றாவது கன்றும் செத்த பிறகு மகள் நிரோ சுப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு சாடி கொண்டுவந்தாள். வாசம் கிட்டத்தட்ட அதே வாசம். பல மாதம் கழித்து ஒரு பீட்சாக் கடையில் அதே இலையைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது. "ஓம் அப்பா, பசிலிக்கும். துளசிட கசின்" என்றாள் நிரோ. நான் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையே தொடர்ந்தேன். அவரும் சுவிஸுக்கு வந்தவர்தானே, கிடைத்ததை வைத்துச் சமாளிக்கத்தான் வேண்டும்.

நிரோ இங்கே பிறந்தவள். வேறு நகரத்தில் படிக்கிறாள், சனி ஞாயிறில் வருவாள். தமிழில் கேட்டால் டொச்சில் பதில் வரும். சாளக்கிராமம் என்ற சொல் அவளுக்கு நீளம் கூட. "அப்பாட ஸ்டைன்" என்பாள். ஸ்டைன் என்றால் டொச்சில் கல். ஆகவே எங்கள் வீட்டில் ஸ்டைன் என்றால் சுவாமி, சுவாமி என்றால் ஸ்டைன். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இன்னொன்று. அப்பா காலத்து வழக்கப்படி கல்லைத் தொட்டுக் குளிப்பாட்டுவது வீட்டு ஆண். பூ, விளக்கு, படையல் எல்லாம் பெண்கள். "ஏன் நான் தொடக் கூடாது?" என்று நிரோ ஒருநாள் கேட்டாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு யோசிக்காமல் இருந்தேன்.

3

தவமணியின் அண்ணன் குணரெத்தினம் லண்டனில் இருக்கிறார். நாங்கள் குணம் மச்சான் என்போம். நேபாளத்துக்கு யாத்திரை போய்விட்டு நேரே வருவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்ற முதலே, "மச்சான், கையை நீட்டுங்க. கழுவிற்று நீட்டுங்க" என்றார்.

நீட்டினேன். பட்டுத் துணியை அவிழ்த்து ஒரு கல்லை வைத்தார். மை போலக் கறுப்பு. ஒரு பக்கம் துவாரம், அதற்குள் சக்கரம் சுழன்று சுழன்று போகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்டகி ஆத்தில இடுப்பளவு தண்ணியில நிண்டு எடுத்தது. ஐஸ் தண்ணி மச்சான்! ரெண்டு காலும் இரிக்கா எண்டு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தன். உங்களுக்கெண்டே எடுத்தது."

தவமணி அழுதாள். நான் கும்பிட்டேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மச்சான் சுவாமித் தட்டுக்குப் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அப்பாவின் கல்லை உற்றுப் பார்த்தார்.

"இது என்ன?"

"அப்பாட சாளக்கிராமம்."

"சக்கரம் எங்க?"

"உள்ளுக்க இரிக்கும்."

"வாய் எங்க? துவாரம் ஒண்டையும் காணல்லியே."

"வாய் இல்லாட்டி என்ன மச்சான், ஒழுங்காச் சாப்பிடுறார்தானே."

மச்சான் என் தோளில் கை வைத்தார். "குறை நினைக்காதீங்க. இது நம்மட ஊர் முந்தனை ஆத்துக் கல்லு. அந்தச் சாமியார் வாற வழியில பொறுக்கியிரிப்பார்."

அப்பாவிடம் போய்ப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் கேட்டது போல இருந்தது எனக்கு. தவமணி முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மச்சான் விடவில்லை.

"அதோட ஒரு முறை இரிக்கு. வீட்டில சாளக்கிராமம் ஒண்டு வைக்கலாம். ரெண்டு வைக்கப்படாது. மூண்டும் படாது. நாலு வைக்கலாம். உங்களிட்ட இப்ப ரெண்டு."

"இதக் கல்லு எண்டுதானே சொன்னீங்க. அப்ப ஒண்டுதானே?"

"நீங்க சாளக்கிராமம் எண்டு நினைச்சுத்தானே வச்சிரிக்கீங்க. அப்ப ரெண்டு. பழசை ஆத்தில விட்டிருங்க. நான் அடுத்த மாசம் திரும்ப வருவன். வரக்குள்ள தட்டில ஒண்டுதான் இரிக்கோணும்."

கோயில் ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இரண்டு ஆகாது என்பது உண்மைதான் என்றார். மச்சானின் கல்லைத் திருப்பிக் கொடுக்கலாமென்றால், வலிய வந்த பெருமாளை வெளியே அனுப்புவதா என்று தவமணி கேட்டாள். "அண்ணன் இடுப்பளவு தண்ணியில நிண்டிரிக்கார்" என்றாள். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இடுப்பளவு தண்ணீரில்தான் போய் முடிந்தது. குப்பை ஏன் கொண்டுபோய்ப் போடவில்லை என்று நான் கேட்டால்கூட, அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்.

4

ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வேறு எப்படிச் சொல்வது, அப்பாவின் கல்லைத் துணியில் சுற்றி இந்த ஊர் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். கரையில் ஒரு பலகை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆற்றுக்குள் எதையும் போடக் கூடாது, தண்டம் உண்டு. இந்த நாட்டுச் சட்டத்தை நான் ஒருநாளும் அவ்வளவு சந்தோஷமாக மதித்ததில்லை. பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு நிரோவிடம் கேட்டேன். "மகள், கெல்லரும் வீடும் ஒண்டா, வேறயா?"

கெல்லர் என்பது அடுக்குமாடிக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கும் நிலவறை. சாமான் போட்டு வைப்பது. நிரோ யோசிக்கவே இல்லை. "வேற அப்பா. கொன்ட்ராக்டில கெல்லருக்கு வேற நம்பர்."

வேற நம்பர் என்றால் வேற வீடு. வீட்டுக்கு ஒன்று, கெல்லருக்கு ஒன்று. ஒரு வஞ்சகமும் இருக்கக் கூடாது என்று முறை வைத்தேன். ஒரு கிழமை அப்பாவின் கல் மேலே, மச்சானின் கல் கீழே. அடுத்த கிழமை மாறிப் போவார்கள். கெல்லரில் இடமில்லாததால் பனிக்கால டயரின் நடுவில் பட்டு விரித்து இருத்தினேன். டயர் பார்க்கத் திருவாசி போலத்தான் இருந்தது.

பின்னேரத்தில் கிண்ணத்தில் பாலும் பிடிச் சோறும் கொண்டு படி இறங்குவேன். இதைக் கீழ்வீட்டுக் கிழவி பார்த்திருக்கிறாள். எங்கள் கட்டடத்தில் செல்லப்பிராணி வளர்க்கத் தடை. ஒருநாள் கட்டடப் பராமரிப்பாளன் இடுப்பில் கிலுங்கும் திறப்புக் கோர்வையோடு கெல்லர் வாசலில் நின்றான். ஆள் கதவளவு.

"பூனை எங்கே?"

"பூனை இல்லை. ஸ்டைன்" என்றேன்.

உள்ளே போனான். டயர், பட்டு, கல், கல்லுக்கு முன்னால் பால். குனிந்து டயருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான்.

"பால் கல்லுக்கா?"

"ஓம்."

"குடிக்குமா?"

"கொஞ்சம்."

"சத்தம் போடுமா?"

"ஒருநாளும் இல்லை."

"மணக்குமா?"

"சாம்பிராணி மட்டும்."

தலையைச் சொறிந்தான். "விதியில் கல்லைப் பற்றி ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான். நல்ல மனிதன்.

ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. மேலே இருக்கும்போது கீழே இருப்பவருக்குக் குளிருமே என்று இருக்கும். நாலு வைக்கலாம்தானே, இன்னும் இரண்டு கிடைத்தால் எல்லாரையும் ஒன்றாக இருத்தலாமே என்று யோசனை வந்தது. இங்கே எங்கள் ஊர்ச் சாமான் கடை வைத்திருப்பவர் காத்தான்குடி முஸ்லிம் ஆள். வயது கூட, அதனால் அவர்கள் முறைப்படி 'நானா' என்பேன், அண்ணன் என்று அர்த்தம். ஊரிலிருந்து என்ன கேட்டாலும் எடுப்பித்துத் தருவார்.

"நானா, ரெண்டு கல்லு எடுப்பிக்க ஏலுமா?"

"என்ன கல்லு? அம்மிக் கல்லா?"

"இல்ல நானா, சும்மா கறுப்புக் கல்லு. கும்பிடுறதுக்கு. வாங்கப்படாது, ஆராவது தரோணும்."

நானா தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "தம்பி, பருப்புக்குள்ள கல்லு கிடந்தா எல்லாரும் வந்து என்னோட சண்டை பிடிப்பாங்க. கல்லு தாங்க எண்டு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். போய்ப் படுங்க தம்பி, முகம் வெளிறிப் போய் இரிக்கு."

முகம் வெளிறித்தான் இருந்தது. இரண்டு நாளாக விலாவுக்குள் ஒரு குத்து. பெருமாள் கோபிக்கிறார் என்று நினைத்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

5

மச்சான் வருவதற்கு முதல்நாள் அது நடந்தது. சமையலறையில் நின்றபடி மடங்கிப்போனேன். நிரோதான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என்னை வாசலில் இறக்கிவிட்டு அவள் கார் விட இடம் தேடிப் போய்விட்டாள். இங்கே கார் விட இடம் தேடுவது பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுவது மாதிரி. அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டொக்டர் ஒரு இளம்பிள்ளை. நான் டொச்சில் சொன்னதைத் தமிழிலேயே தருகிறேன். எங்கே நோகிறது என்று கேட்டுவிட்டு, "உங்களுக்கு முன்பு நீரன்ஸ்டைன் இருந்திருக்கிறதா?" என்றாள்.

நீரன் என்றால் டொச்சில் சிறுநீரகமாம். பிறகுதான் தெரியும். அந்த நேரம் எனக்குக் கேட்டது நீர், ஸ்டைன். நீராட்டும் கல்! இந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று நோவுக்குள்ளும் சந்தோஷம்.

"ஓம். இருக்கிறது. முதல் அப்பாவிடம் இருந்தது" என்றேன்.

"ஓ, பரம்பரை" என்று எழுதிக்கொண்டாள். "எத்தனை?"

"இரண்டு."

"எங்கே இருப்பதாகச் சொன்னார்கள்?"

"ஒன்று மேலே. ஒன்று கீழே. கிழமைக்குக் கிழமை மாறும்."

எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "மாறுமா?"

"நான்தான் மாற்றுவேன்."

"என்ன அளவு இருக்கும்?"

நான் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துத் தேசிக்காய் அளவு காட்டினேன். அவள் கதிரையைப் பின்னால் தள்ளினாள்.

"இதுவரை அதற்கு என்ன செய்தீர்கள்?"

"தினமும் தண்ணீர், பால். வெள்ளிக்கிழமையில் தேனும் தயிரும்."

"நீங்கள் தினமும் தண்ணீர் நன்றாகக் குடிக்கிறீர்களா?"

"ஒருநாளும் தவறுவதில்லை. ஒரு கரண்டி."

"ஒரு கரண்டியா!"

"கூடக் குடிக்கக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் காணவேண்டும்."

அந்த நேரம் நிரோ ஓடி வந்தாள். டொக்டர் தன் தாளை அவளிடம் காட்டினாள். நிரோ வாசித்தாள். வாசித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தாள், பிறகு மெல்ல மெல்ல நிலத்தில் இருந்துவிட்டாள். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேன். சிரித்திருக்கிறாள். கண்ணீர் வரச் சிரித்துவிட்டு டொக்டருக்குச் சொன்னாள். டொக்டரும் கதவுப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கினாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். நிரோ வந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, ரெண்டு கல்லு இரிக்காம்."

"அதத்தானே மகள் நானும் சொன்னன். மேல ஒண்டு, கீழ ஒண்டு."

"இல்ல அப்பா. உங்களுக்குள்ள! உங்கட கிட்னியில ரெண்டு!"

வீட்டில் இரண்டு, எனக்குள் இரண்டு. ஊசி மருந்தும் ஏறியிருந்தது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். போனை வாங்கி லண்டனுக்கு எடுத்தேன்.

"மச்சான்! நாலாச்சு!"

"என்ன நாலாச்சு?"

"கல்லு! உள்ளுக்க ரெண்டு கிடைச்சிரிக்கு!"

மச்சான் என்ன விளங்கிக்கொண்டாரோ. அடுத்த நிமிடம் தன் மனைவிக்குச் சொன்னார். அவ செங்கலடியில் இருக்கும் தன் தமக்கைக்குச் சொன்னா. மீதியை வாகரை வரைக்கும் நீங்களே கேட்டிருப்பீர்கள்.

6

காய்ச்சலும் இருந்ததால் என்னை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். மறுநாள் மச்சான் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"மச்சான், எனக்கு ஒண்டுமில்ல. சுவாமிக்குத்தான் நேற்றிலிருந்து ஒண்டும் குடுக்கல்ல. நீங்க போய்க் குளிப்பாட்டுங்க" என்றேன்.

மச்சானின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். "நானா?"

"நீங்க இடுப்பளவு தண்ணியில நிண்டவர்தானே."

"எடுக்கத் தெரியும் மச்சான். குளிப்பாட்டத் தெரியாது." குரலைக் குறைத்தார். "உண்மையைச் சொல்றன். லண்டனிலதான் வைக்கோணும் எண்டு கொண்டுபோனன். மனிசி சொன்னா, மனிசருக்கே சமைக்க நேரமில்ல, கல்லுக்கு ஆர் சமைக்கிறது எண்டு. நான் விடியக்காலம் வேலைக்குப் போயிருவன். மூண்டு நாள் பட்டினி போட்டிற்றன் மச்சான். பயந்துபோய்த்தான் உங்களிட்டக் கொண்டுவந்தன். நீங்க விட்டுப்போடாமப் பாக்கிற ஆள் எண்டு தெரியும்."

நோவு இல்லாவிட்டால் எழும்பிக் கட்டிப்பிடித்திருப்பேன். ஒரு மாதமாக நான் சுமந்தது மச்சானின் பயத்தை. "சரி, போன்ல சொல்லித்தாறன், போங்க" என்றேன்.

வீட்டிலிருந்து வீடியோக் கோல் வந்தது. மச்சான் வேட்டியோடு நிற்கிறார். தவமணி விளக்குக் கொளுத்துகிறாள். போனைப் பிடித்திருப்பது நிரோ. கீழே இருந்தவரையும் மச்சான் மேலே கொண்டுவந்துவிட்டார். "டயருக்குள்ள விட்டுப்போட்டு எப்படி மச்சான் வாறது" என்றார்.

"பால் முதலா, தண்ணி முதலா?"

"தண்ணி. மெல்ல. தலைமாட்டிலிருந்து ஊத்துங்க."

"தலை எது மச்சான்?"

"அதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊத்துங்க."

அப்பாவின் கல்லை எடுத்தார். பாலை ஊற்றினார். ஒரு வழுக்கல். கல் மேலே எம்பியது. தவமணி "ஐயோ பெருமாளே!" என்று கத்தினாள். போன் விழுந்தது. எனக்கு முகடு மட்டும் தெரிந்தது. நர்ஸ் ஓடி வந்து என் நாடியைப் பிடித்தாள். தவமணி போனை எடுத்துத் திருப்பியபோது நிரோவின் இரண்டு கைக்குள்ளும் அவர் பத்திரமாக இருந்தார். கிரிக்கெட்டில் கச் பிடிப்பது போலப் பிடித்திருக்கிறாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிரோவும் பார்த்தாள். கல்லைக் கீழே வைக்கவில்லை.

தொடக் கூடாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தொட்டிருக்காவிட்டால் அவர் நிலத்தில். "மகள், பால் கண்ணில படாமக் கழுவு" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேனோ தெரியாது. கல்லுக்கு ஏது கண். ஆனால் அவள் தன் கையால் மறைத்துக்கொண்டுதான் கழுவினாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னதற்கு அதுதான் பதிலாகிப் போனது.

நான் வீட்டுக்கு வரும்வரை மச்சான்தான் பூசை. வந்த அன்று பார்த்தேன். ஒரே தட்டில், ஒரே பட்டில், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்.

"மச்சான், ரெண்டு வைக்கப்படாதெண்டீங்க?"

"வெளியில ரெண்டு, உங்களுக்குள்ள ரெண்டு. நாலுதானே எண்டு துணிஞ்சு வச்சன்."

"இண்டைக்குக் காலம ஒண்டு இறங்கிற்று மச்சான். மூத்திரத்தை வடிச்சுப் பாக்க ஆஸ்பத்திரியில ஒரு வடி தந்தாங்க, அதில விழுந்திற்று."

மச்சான் விரல் மடித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூண்டு! மூண்டு படாதே!"

தவமணி குசினிக்குள் போய்ச் சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. அப்பாவின் கல்லைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"மச்சான், இவர் ஏன் என்ட கையை விட்டு வழுக்கினார் எண்டு யோசிச்சன். என்டவர் சொரசொரப்பு. ஆறு விட்டமாதிரியே இரிக்கார். இவர் தேய்ஞ்சு தேய்ஞ்சு சவுக்காரம் மாதிரி. எத்தனை வருசம் ஆக்களுட கையில குளிச்சா ஒரு கல்லு இப்படி வரும்? கண்டகியோ முந்தனையோ, இவரை ஆத்தில விடுங்க எண்டு சொன்ன வாயைக் கழுவோணும். என்டவரை நான் கொண்டுபோறன். இப்ப எனக்குக் குளிப்பாட்டத் தெரியும்."

"மனிசி?"

"கல்லுக்கு நான் சமைக்கிறன். மிச்சத்தை அவ சாப்பிடட்டும்."

சாப்பாட்டுப் பெட்டியில் அரிசி பரப்பி அதற்குள் பட்டோடு இருத்திக் கொடுத்தோம். நிரோ ஒரு சாடி பசிலிக்கும் கொடுத்தாள். பின்னேரம் விமான நிலையத்திலிருந்து மச்சான் எடுத்தார். மூச்சு வாங்கியது.

"மச்சான், பெட்டியைத் திறந்து பார்த்திற்றாங்கள். இது என்ன எண்டு கேட்டாங்கள்."

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? வாயில அதுதான் வந்திச்சு. பமிலி எண்டன்."

7

என் வயிற்றில் மிஞ்சியிருந்த கல்லைப் பிறகு மெஷின் வைத்துத் தூளாக்கிவிட்டார்கள். வடியில் விழுந்ததை ஒரு சின்னப் போத்தலில் போட்டுப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள், திருப்பித் தரவில்லை. ஆகவே என்னிடம் அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை, அதைக் கழுவிய தண்ணீரும் இல்லை. செங்கலடிச் சந்தைக் கடைக்காரத் தம்பிக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள். டொக்டர் எனக்குச் சொன்னதைத்தான் நானும் அவருக்குச் சொல்வேன். ஒரு கரண்டி காணாது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

வெல்லாவெளியிலும் வாகரையிலும் இந்தக் கதை தெரிந்தவர்கள் இனி யாருக்காவது சொல்வதென்றால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சிரிக்கிற இடத்தில் சிரிக்கலாம், அதற்குப் பெருமாள் கோபிக்கமாட்டார். சங்கு அடையாளம் போட வேண்டாம். நீல நிறம் பூச வேண்டாம். கனவு கண்ட அம்மா அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். எண்ணிக்கையில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். அதைச் சரியாக்க நாங்கள் பட்ட பாடு போதும். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஒன்று. ஒன்று வைக்கலாம்.